தமிழ்நாட்டில் வீடு வாங்குவோருக்கு: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பிருந்து பட்டா மாறும் வரை

வீடு பிடித்துவிடுகிறது. "வேறொரு பார்ட்டி காத்திருக்கிறார்" என்று புரோக்கர் அவசரப்படுத்துகிறார். ஒன்றிரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அப்புறம் பத்திர நகலோடு வக்கீலைத் தேடுகிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலோர் செல்லும் வரிசை இதுதான். அந்த நிலையில் பத்திரத்தில் குறை தெரிந்தாலும், கொடுத்த பணம் திரும்பி வராது என்ற பயத்தில் குறையோடேயே வாங்கிவிடுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் வரிசையைப் பற்றியது: எதை முதலில் பார்ப்பது, எது முடியாமல் பணத்தை எடுக்கக்கூடாது.

ஏற்கெனவே ஒருவர் பெயரில் இருக்கும் தனி வீடு அல்லது ஃபிளாட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கட்டிக்கொண்டிருக்கும் புது ஃபிளாட்டுக்குத் தனிப் பகுதி உண்டு. இது வக்கீலுக்கு மாற்று அல்ல. அவரிடம் போகும்போது சரியான காகிதங்களோடும் சரியான கேள்விகளோடும் போவதற்கானது.

1. விற்பவரிடம் முதலில் வாங்க வேண்டிய நகல்கள்

விலை பேசும்போதே கேளுங்கள். இந்தக் கட்டத்தில் நகல் போதும்:

- விற்பவர் பெயரில் உள்ள பத்திரம்
- அதற்கு முந்தைய பத்திரங்கள், அதாவது தாய்ப் பத்திரம் (பழைய மூலப் பத்திரம்) வரை உள்ள தொடர்
- பட்டா (நகரப் பகுதி என்றால் நகர நிலஅளவைப் பதிவேட்டு நகல்)
- கட்டட அனுமதியும் அதன் வரைபடமும்
- சொத்து வரி, குடிநீர் வரி, மின் கட்டண ரசீதுகள்
- யாராவது இறந்த வழியில் சொத்து வந்திருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று

"டோக்கன் அட்வான்ஸ் போடுங்கள், நகல் தருகிறேன்" என்று சொல்பவரிடம் நின்றுவிடுங்கள். நகல் கொடுப்பதில் விற்பவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. கொடுக்கத் தயங்குகிறார் என்றால் காரணம் இருக்கும்.

2. வில்லங்கச் சான்றை நீங்களே போட்டுப் பாருங்கள்

சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றை, அதாவது ஈசியை, பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் உள்ள பதிவுகள் கிடைக்கும். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட வேண்டும். விற்பவர் கையில் தரும் ஈசியை மட்டும் நம்ப வேண்டாம். எந்தக் காலத்துக்கு, எந்த எண்ணைப் போட்டு எடுத்தார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடங்கள் மூன்று.

முதலாவது, சர்வே எண்ணின் உட்பிரிவு. இன்று 45/2ஏ1 என்று இருக்கும் இடம் முன்பு 45/2 ஆகவும், அதற்கு முன் வெறும் 45 ஆகவும் இருந்திருக்கலாம். புது எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய எண்ணில் பதிவான அடமானமோ விற்பனையோ கண்ணில் படாது. பத்திரத் தொடரில் வரும் ஒவ்வொரு எண்ணையும் போட்டுத் தேடுங்கள்.

இரண்டாவது, அலுவலகம் மாறியிருப்பது. பெரிய சார்பதிவாளர் அலுவலகங்களைப் பிரித்துப் புதியவை தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் கிராமம் இன்று ஓர் அலுவலகத்தில் இருக்கும். இருபது வருடத்துக்கு முன் வேறொன்றில் இருந்திருக்கும். பழைய பத்திரங்களின் முத்திரையில் எந்த அலுவலகம் என்று பார்த்து, அந்தந்தக் காலத்துக்கு அந்தந்த அலுவலகத்தில் தேட வேண்டும். வங்கிகள் பெரும்பாலும் 30 வருட ஈசி கேட்கும். அதையே குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஈசியில் எல்லாமே வந்துவிடும் என்ற நம்பிக்கை. வராது. ஈசி, சார்பதிவாளர் அலுவலகப் பதிவேடுகளில் முதல் புத்தகத்தில் பதிவானவற்றைக் காட்டும். உயில் மூன்றாம் புத்தகத்தில் பதிவாகும். பதிவு செய்யாமலேயே எழுதிய உயிலும் செல்லும். நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு வராமல் போகலாம். தனியாரிடம் ஒரிஜினல் பத்திரத்தைக் கொடுத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் அதுவும் வராது. "ஈசி கிளியர்" என்றால் ஒரு கதவைத் தட்டிப் பார்த்தாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஈசியில் தெரியும் ஒவ்வொரு ஆவண எண்ணுக்கும் உங்கள் கையில் ஒரு நகல் இருக்க வேண்டும். இல்லாததை விற்பவரிடம் கேளுங்கள். அவரிடம் இல்லையென்றால் பதிவுத்துறையில் சான்றிட்ட நகல் வாங்கலாம்.

3. பட்டாவும் வரைபடமும்

வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டா, 'அ' பதிவேடு, எஃப்எம்பி எனப்படும் புல வரைபடம் மூன்றையும் பார்க்கலாம். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். யார் பெயரில், எவ்வளவு அளவு என்பது பட்டாவில் தெரியும். நிலம் அரசுப் புறம்போக்கா, தனியார் நிலமா என்பது 'அ' பதிவேட்டில் தெரியும். இடத்தின் வடிவம் வரைபடத்தில் தெரியும்.

பட்டா உரிமை ஆவணம் அல்ல என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. உரிமை பத்திரத்தால் வருகிறது. ஆனாலும் பட்டா விற்பவர் பெயரில் இல்லை என்றால், மாற்றித் தரச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். காரணம் உண்டு: பட்டா விற்பவர் பெயரில் இருந்து, உட்பிரிவும் தேவைப்படாவிட்டால், கிரயம் பதிவானதும் பட்டா தானாகவே உங்கள் பெயருக்கு மாற வழி இருக்கிறது. இல்லையென்றால் அவருடைய வேலையையும் சேர்த்து நீங்கள் தாலுகா அலுவலகத்தில் செய்ய வேண்டிவரும்.

நிலம் கோயிலுக்கோ வக்ஃபுக்கோ சேர்ந்ததா, நீர்நிலையா, ஆதிதிராவிடருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமா, நிபந்தனையோடு அரசு வழங்கிய ஒப்படை நிலமா என்பதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். இவற்றில் எத்தனை கை மாறியிருந்தாலும், எத்தனை பத்திரம் பதிவாகியிருந்தாலும் உங்களுக்கு உரிமை வராமல் போகலாம். சென்னைச் சுற்றுப்புறத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு: 1978-ஆம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தில் அந்த நிலம் மாட்டியதா? அந்தச் சட்டம் 1999-இல் ரத்தானது. ஆனால் அதற்கு முன்பே அரசு கையகப்படுத்தி முடித்த நிலம் அரசுடையதுதான்.

4. சொத்து எப்படி விற்பவரிடம் வந்தது

பெரும்பாலான வழக்குகள் பிறக்கும் இடம் இது. ஒரு வெள்ளைத் தாளில் மேலிருந்து கீழாக எழுதுங்கள்: யார், யாருக்கு, எந்த வருடம், எந்த வகைப் பத்திரத்தால், எவ்வளவு அளவு. ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அங்கே நின்று கேளுங்கள்.

விற்பவர் தன் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கியது என்றால் வேலை எளிது. அப்பா அல்லது தாத்தா வழியாக வந்தது என்றால் முதல் கேள்வி: பெண் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா? இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. திருத்தம் வந்த தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் 2020-இல் தெளிவாக்கிவிட்டது. "அக்காவுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. அக்கா கேட்காமல் இருக்கலாம். அவர் பிள்ளைகள் கேட்பார்கள். எல்லா வாரிசுகளும் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகச் சேர வேண்டும். அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை முன்பே எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும்.

வாரிசுச் சான்றை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது தாசில்தார் விசாரித்துத் தரும் சான்று. விட்டுப்போன பெயருக்கு உரிமை போய்விடாது. அக்கம்பக்கத்தில் பேச்சுவாக்கில் "அவங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாலே பல நேரம் விடை கிடைத்துவிடும்.

மைனருக்குப் பங்கு இருந்தால் வக்கீல் சொல்லும்வரை அசையாதீர்கள். மைனரின் தனிச் சொத்தை இயற்கைப் பாதுகாவலரான அப்பாவோ அம்மாவோ விற்கக்கூட நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றதை அந்தப் பிள்ளை பெரியவரான பிறகு எதிர்த்து வழக்குப் போடலாம். பழைய பத்திரத் தொடரிலும் இப்படி ஒரு விற்பனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உயில் வழி வந்தது என்றால் அது கடைசி உயில்தானா என்ற சந்தேகம் எப்போதும் இருக்கும். மற்ற வாரிசுகளையும் பத்திரத்தில் சம்மதக் கையெழுத்துப் போட வைப்பதே நிம்மதி.

உரிமையாளர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை (பவர்) வைத்து பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவரிடம் நேரிலோ வீடியோ அழைப்பிலோ நீங்களே பேசுங்கள். கொடுத்தவர் இறந்தால் பவர் பொதுவாகச் செத்துவிடும். ரத்தாகியிருக்கிறதா என்பதையும் பதிவில் பாருங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் என்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றதா, இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியதா என்று கேளுங்கள். "பவரையே உங்கள் பெயருக்கு எழுதித் தருகிறேன், செலவு மிச்சம்" என்ற பேச்சுக்கு இணங்கவே வேண்டாம். பவரால் வீட்டின் உரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

5. ஒரிஜினலைக் கண்ணால் பார்ப்பது

நகலில் எல்லாம் சரி என்றால் ஒரிஜினலைக் காட்டச் சொல்லுங்கள். கலர் ஜெராக்ஸ் இன்று அசல் போலவே இருக்கும். பதிவு முத்திரை, கையெழுத்தின் அழுத்தம், தாளின் பின்பக்கம் மூன்றையும் பாருங்கள்.

"ஒரிஜினல் வங்கியில் இருக்கிறது" என்றால் பயம் வேண்டாம். அது பொதுவான விஷயம். வங்கியிடமிருந்து பாக்கி எவ்வளவு என்ற கடிதமும், அவர்கள் வைத்திருக்கும் பத்திரங்களின் பட்டியலும் வாங்கித் தரச் சொல்லுங்கள். கடனை அடைக்கும் தொகையை விற்பவர் கையில் கொடுக்காமல் அந்தக் கடன் கணக்குக்கே செலுத்துங்கள். அப்புறம் அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகி ஈசியில் வந்திருக்க வேண்டும். கடனைக் கட்டிவிட்டு இதை விட்டுவிடுபவர்கள் ஏராளம். பத்து வருடம் கழித்து நீங்கள் விற்கும்போது அது முளைக்கும்.

"ஒரிஜினல் தொலைந்துவிட்டது" என்றால் அது வேறு. போலீஸ் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பத்திரிகை விளம்பரம், சான்றிட்ட நகல் நான்கும் வேண்டும். அதோடு, வங்கிகள், நிதி நிறுவனங்களிடம் வைத்த அடமானங்களைப் பதிவு செய்யும் மத்தியப் பதிவகமான செர்சாய் தளத்திலும் தேடிப் பாருங்கள். அடகு வைத்துவிட்டுத் தொலைந்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

6. கட்டடமும் ஃபிளாட்டும்

அனுமதி பெற்ற வரைபடத்தோடு வீட்டைச் சுற்றி நடங்கள். இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி மூன்றாவது மாடியில் நிற்கும் ஃபிளாட்டை விற்கிறார்களா, கார் நிறுத்துமிடத்தை வீடாக்கியிருக்கிறார்களா என்பது அப்போது தெரியும். அனுமதியில்லாத பகுதிக்கு வங்கி கடன் தராது. இடிக்க நோட்டீஸ் வந்தால் வருவது உங்கள் பெயருக்குத்தான். மனை, அனுமதி பெற்ற லேஅவுட்டில் உள்ளதா அல்லது வரன்முறைப்படுத்தியதா என்பதையும் அந்த ஆணையை வாங்கியே பாருங்கள்.

ஃபிளாட்டில் நீங்கள் வாங்குவது சுவரும் தரையும் மட்டும் அல்ல. நிலத்தில் பிரிபடாத பாகம், அதாவது யுடிஎஸ். நாளை கட்டடம் பழையதாகி இடித்துக் கட்டும்போது உங்கள் கையில் நிற்பது அந்த நிலப் பங்குதான். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு கிரவுண்ட் என்றால் 4,800 சதுர அடி. அதில் ஒரே அளவில் எட்டு ஃபிளாட் இருந்தால் ஆளுக்குச் சுமார் 600 சதுர அடி வர வேண்டும். உங்களுக்கு 380 என்று இருந்தால் மீதி யாரிடம்? அந்த சர்வே எண்ணின் ஈசியிலும் அதில் உள்ள பத்திரங்களிலும் மற்ற ஃபிளாட்டுகளின் யுடிஎஸ் தெரியும். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை நிலத்தின் அளவைத் தாண்டினால் யாரோ ஒருவருக்கு இல்லாத நிலம் விற்கப்பட்டிருக்கிறது. இந்தக் கூட்டலை அநேகமாக யாரும் செய்வதில்லை. ஒரு மணி நேர வேலைதான்.

சங்கத்திடம் பராமரிப்புப் பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்குங்கள். கார் நிறுத்துமிடம் பத்திரத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

7. கட்டிக்கொண்டிருக்கும் புது ஃபிளாட் என்றால்

நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ, வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தால் திட்டத்தை ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவு செய்யாமல் விற்கக்கூடாது. தமிழ்நாடு ரெரா தளத்தில் திட்டத்தின் எண்ணைப் போட்டு, முடிக்க வேண்டிய தேதி, அனுமதிகள், வழக்குகள் எல்லாவற்றையும் பாருங்கள். விளம்பரத்தில் போட்ட எண் வேறொரு கட்டத்துக்கானதாக இருக்கலாம்.

ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமை இல்லை. விலை கார்பெட் ஏரியாவுக்கா (வீட்டுக்குள் பயன்படும் தரைப் பரப்பு), சூப்பர் பில்ட்-அப்புக்கா (சுவர், படிக்கட்டு போன்ற பொது இடங்களின் பங்கும் சேர்ந்தது) என்று கேளுங்கள். ரெரா சட்டம் கணக்கில் எடுப்பது கார்பெட் ஏரியாவை. சொன்ன தேதியில் வீட்டைத் தராவிட்டால் விலகிக்கொண்டு பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம், அல்லது காத்திருந்து தாமதத்துக்கு வட்டி கேட்கலாம். கட்டடத்தின் அடிப்படைக் குறைகளுக்கு, வீட்டை ஒப்படைத்ததிலிருந்து 5 வருடம் வரை பில்டர் பொறுப்பு. இவற்றுக்கு எதிரான நிபந்தனை ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம்.

8. உங்களுக்கென ஒரு வக்கீல்

"வங்கியே லீகல் பார்த்துவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். வங்கி வக்கீல் பார்ப்பது, கொடுத்த கடன் திரும்புமா என்று. விலையில் நீங்கள் போடும் சொந்தப் பணத்தைப் பற்றிக் கவலைப்பட அங்கே யாரும் இல்லை. பில்டரோ புரோக்கரோ காட்டும் வக்கீலும் வேண்டாம். சிவில் பழக்கமுள்ளவரிடம், எழுத்தில் கருத்து வாங்குங்கள். விற்பவர் பெயரில் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு உண்டா என்று இணையத்தில் தேடச் சொல்லுங்கள். வழக்கு நடக்கும்போது வாங்கிய சொத்து அந்த வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது. வாரிசுகள் பற்றிச் சந்தேகம் இருந்தால் பத்திரிகையில் பொது அறிவிப்பு கொடுப்பது நல்லது.

9. அளப்பதும் குடியிருப்பவரும்

லைசென்ஸ் உள்ள சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். பத்திரத்து அளவு, பட்டா அளவு, தரையில் உள்ள அளவு மூன்றில் எது குறைவோ அதற்கே விலை பேசுங்கள்.

வீட்டில் ஆள் இருந்தால் அவரிடம் நேரில் பேசுங்கள். வாடகையா, ஒத்தியா? ஒத்தி என்றால் பல லட்சம் கொடுத்திருப்பார். அதைத் திருப்பாமல் காலி செய்ய மாட்டார். அந்தத் தொகை யார் தர வேண்டியது என்பது ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

10. இப்போது ஒப்பந்தமும் அட்வான்ஸும்

இதுவரை வந்த எதிலும் சிக்கல் இல்லை என்றால்தான் பணம். தமிழ்நாட்டில் பதிவுச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவான ஒப்பந்தம் ஈசியில் தெரியும். அதே வீட்டை இன்னொருவருக்குப் பேசுவது கடினமாகும். முத்திரைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது போதாது.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: முழு விலை, எந்தத் தேதிக்குள் கிரயம், உரிமையில் குறை தெரிந்தால் அட்வான்ஸ் முழுவதும் எத்தனை நாளில் திரும்பும், வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் என்ன, காலி வீடாக ஒப்படைப்பது, பழைய வரிப் பாக்கி யாருடையது. எல்லா உரிமையாளர்களும் கையெழுத்திட வேண்டும். "தம்பி வெளியூரில் இருக்கார், கிரயத்துக்கு வருவார்" என்றால் அவர் வந்த பிறகே ஒப்பந்தம்.

விற்பவர் இழுத்தடித்தால், ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் அதுவரை சும்மா இருந்தால் தோற்பீர்கள். நீங்கள் பணத்தோடு தயாராக இருந்தீர்கள் என்பதை வங்கிக் கணக்கும் நோட்டீஸும் காட்ட வேண்டும்.

பணம் எல்லாம் வங்கி வழியாகவே. வீட்டு விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. உங்கள் பக்கமோ, ரொக்கத்தில் கொடுத்ததை நிரூபிக்க எதுவும் இருக்காது.

11. செலவுக் கணக்கும் டிடிஎஸ்ஸும்

கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல். 60 லட்சம் என்றால் 5,40,000 ரூபாய். வீட்டுக் கடனில் பொதுவாக இது வராது. கையில் தனியாக வைத்திருக்க வேண்டும். பில்டரிடம் முதல் விற்பனையாக வாங்கும் ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பர் முதல் தீர்வை குறைவு: 50 லட்சம் வரை 4, அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம். பதிவுக் கட்டணம் அதே 2. கட்டும் முன் பதிவுத்துறை தளத்தில் அன்றைய விகிதத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பு 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து (இதுதான் டிடிஎஸ்), பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். வாங்குபவர் இருவர், விற்பவர் மூவர் என்று பிரித்தாலும் மொத்தத் தொகைதான் கணக்கு. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1 சதவீதம் பொருந்தாது. பிடித்தம் மிக அதிகம். பிடிக்காவிட்டால் பொறுப்பு உங்களுடையது. ஆடிட்டரிடம் கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

12. பதிவு நாள்

வரைவுப் பத்திரத்தை ஆவண எழுத்தரிடம் விட்டுவிடாமல் நீங்களும் வக்கீலும் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். பெயரின் எழுத்து, தந்தை பெயர், சர்வே எண், நான்கு எல்லை, அளவு, யுடிஎஸ். ஒரு எண் தவறினால் பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு மறுபடி விற்பவர் வர வேண்டும். அப்போது அவர் போனை எடுக்காமல் இருக்கலாம்.

பதிவுக்கு முந்தைய நாள் மறுபடியும் ஈசி பாருங்கள். இடையில் வேறொரு ஆவணம் நுழைந்திருக்கலாம். இரண்டு சாட்சிகள், அடையாள அட்டைகள், பான் எல்லாம் தயாராக இருக்கட்டும். மீதித் தொகையின் டிடியைச் சார்பதிவாளர் முன் கையெழுத்தாகும்போது கொடுங்கள். ஒரிஜினல் தொடர் முழுவதையும் சாவியையும் அன்றே வாங்குங்கள்.

சார்பதிவாளர் பதிவு செய்துவிட்டார் என்பதாலேயே உரிமை உறுதியாகிவிடாது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்பு சொல்வது அவர் வேலை அல்ல.

13. பதிவுக்குப் பின்

பதிவான பத்திரம் கைக்கு வந்ததும் ஈசியில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டா தானாக மாறவில்லை என்றால் இ-சேவை வழியாக விண்ணப்பியுங்கள். உட்பிரிவு தேவை என்றால் சர்வேயர் வருவார். மாநகராட்சி அல்லது ஊராட்சியில் சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு மூன்றையும் பெயர் மாற்றுங்கள். ஃபிளாட் என்றால் சங்கப் பதிவேட்டிலும். பட்டா மாற்றத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பழைய உரிமையாளர் பெயரில் பட்டா இருக்கும்வரை, அவருடைய வாரிசுகள் அதைக் காட்டிக் கடனோ விலையோ பேச இடம் இருக்கிறது.